பொட்டலத்தில் இரண்டு பூ

எங்கள் வீட்டில் எது நடப்பதாக இருந்தாலும் அம்மனிடம் பூ கட்டிக் கேட்டுவிட்டுத்தான் நடக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தாளில் வெள்ளைப் பூ, இன்னொரு தாளில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி பொட்டலமாக மடித்துச் சாமி படத்தின் முன்னால் வைக்க வேண்டும். விளக்கேற்றி, மனதில் இருப்பதைச் சொல்லி வேண்டிக்கொண்டு, ஒன்றும் அறியாத குழந்தை ஒன்றைக் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பெரிய விஷயங்களை யோசித்து முடிவெடுக்கிற புத்தி எனக்கு இல்லை என்று எனக்கே தெரியும். அதனால் யோசிக்கிற வேலையை அம்மனிடம் கொடுத்துவிட்டு, சமைக்கிற வேலையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் சண்டையில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

ஃபிரிட்ஜ் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறேன். மகனை ஓசூர் வேலைக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறேன். மாடியில் எந்தத் தண்ணீர்த்தொட்டி வைப்பது என்றுகூடக் கேட்டிருக்கிறேன். மகன் ஒருநாள் வந்து நின்று, வைத்திக்குப்பத்தில் ஒரு பெண்ணை விரும்புகிறேன் என்று சொன்னான். கருவடிக்குப்பத்தில் இருந்துகொண்டு நாங்கள் கடற்கரைக்கே வருஷத்துக்கு ஒருமுறை மாசிமகத்துக்குத்தான் போவோம். கடலுக்குப் போகிற வீட்டில் சம்பந்தமா? அன்றைக்கும் பூ கட்டித்தான் கேட்டேன். வெள்ளை வந்தது. அவள்தான் இப்போது என் மருமகள். டவுனில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். மகன் ஓசூரிலிருந்து மாதம் ஒருமுறை வந்து போகிறான். இவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. பொட்டலம் எடுக்கிற உத்தியோகம் இப்போது அவளுக்கு.

என் வீட்டுக்காரருக்கும் மருமகளுக்கும் இதை வைத்து என்னைக் கிண்டல் பண்ணாமல் சோறு இறங்காது.

"உங்கத்த ரசத்துக்குப் பூண்டு போடலாமான்னு கூட பூ கட்டுவா."

"கட்டிப் பாத்துட்டாங்க மாமா. செவப்பு வந்துட்டுது போல. அதான் இன்னிக்கு ரசம் இப்பிடி."

நான் பதில் பேச மாட்டேன். பேசுவதாக இருந்தால் அதற்கும் ஒரு பூ கட்ட வேண்டும் என்பார்கள்.

என் வீட்டுக்காரர் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடிய பிறகு கொஞ்ச நாள் எங்கெங்கோ அலைந்தார். அப்புறம்தான் மதியச் சாப்பாட்டுத் தொழில் ஆரம்பித்தோம். நான் சமைப்பேன். அவர் தன்னுடைய பழைய மொபெட்டில் கேரியர்களை மாட்டிக்கொண்டு தட்டாஞ்சாவடியில் இருக்கிற பட்டறைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். லேத்து ஓட்டுகிறவர்கள், வெல்டிங் வைக்கிறவர்கள், அட்டைப்பெட்டி மடிக்கிற பெண்கள் என்று எங்கள் சாப்பாட்டை நம்பி ஒரு கூட்டமே இருந்தது. நாங்கள் அவர்களை நம்பியிருந்தோம். வீட்டில் அடுப்பு எரிந்ததே அவர்கள் பசித்ததால்தான்.

இத்தனை வருஷம் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே புகுந்து புகுந்து வண்டி ஓட்டியவருக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு காலையில் எங்கள் வீட்டுக் குளியலறையில் சோப்பை மிதித்து விழுந்தார். டவுனில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். குளிக்கப் போகலாமா வேண்டாமா என்று யாராவது பூ கட்டிக் கேட்பார்களா? அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மறுநாள் ஓர் ஆட்டோவைப் பேசிச் சாப்பாட்டை அனுப்பினேன். வேகத்தடையில் ஆட்டோ ஏறி இறங்கியதில் சாம்பாரில் பாதி சீட்டுக்குப் போய்விட்டது. அன்று மாலை ஏறிய சவாரியெல்லாம், "இன்னாப்பா, வண்டி இப்பிடி மணக்குது?" என்று கேட்டார்களாம். அதோடு அந்த ஆட்டோக்காரர் எங்கள் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை. வேறு யாரும் பாதி நாள் வேலையைவிட்டு இதற்கு வருவதாக இல்லை.

லேத்துப் பட்டறை மேஸ்திரி போன் பண்ணினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க தெரு முனையிலேயே புதுசா ஒரு மெஸ் தொறந்துகிறான். பசங்க அங்க போலாம்ங்கறானுங்க. நான்தான் அக்கா கைப்பக்குவம் வருமாடான்னு புடிச்சி வெச்சிருக்கேன். இந்த வாரம், அடுத்த வாரம் சமாளிச்சிக்கறோம். அதுக்கடுத்த திங்கக்கெழமை சாப்பாடு வந்துடணும். வரலன்னா பசங்கள என்னால புடிச்சி வெக்க முடியாது."

லேத்துப் பட்டறை போனால் அதன் பின்னால் மற்றவையும் போய்விடும். எனக்குத் தெரியும். ஆலை மூடியதைப் பார்த்த வீடு இது. போனவர்கள் திரும்பி வருவதில்லை.

மருமகள்தான் அதைச் சொன்னாள். வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அத்த, நீங்க ஓட்டுங்க."

"எத?"

"என் வண்டிய. நான் பஸ்ல போய்க்கறேன்."

அவளுடையது கரண்ட் வண்டி. ராத்திரி பிளக்கைச் செருகி வைத்தால் காலையில் கிளம்பும். சைக்கிளைவிடக் கொஞ்சம்தான் வேகம். அதை ஓட்ட லைசென்ஸ் தேவை கிடையாது. சத்தமும் கிடையாது. இருப்பதே தெரியாமல் பக்கத்தில் வந்து நிற்கும், அவளைப் போலவே.

"எனக்கு என்னாடி தெரியும்? எட்டாவது படிக்கறப்ப சைக்கிள் விட்டதோட சரி."

"அது போதும் அத்த. அதுக்கு இருக்கிற ரெண்டு சக்கரம்தான் இதுக்கும்."

கட்டிலில் இருந்து என் வீட்டுக்காரர் கத்தினார். "ஏ, அவள ரோட்ல விடாத! அவ தெருவுல நடக்கறப்பவே எதிர்ல வர்ற மாட்டுக்கு வழி கேட்டு நிப்பா!"

என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். தெரியாவிட்டால் செய்ய வேண்டியது எனக்குத் தெரியுமே. வெள்ளிக்கிழமை வரட்டும் என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு கழுவி, விளக்குத் துலக்கி, கொல்லையில் பறித்த நந்தியாவட்டை ஒன்று, சிவப்பு அரளி ஒன்று எடுத்து, தினசரி காலண்டரில் கிழித்த தாளில் மடித்து அம்மன் முன்னால் தட்டில் வைத்தேன். படத்துக்கு அரளிச் சரம் சாத்தியிருந்தேன். கற்பூரம் தீர்ந்துபோயிருந்தது. அதை வாங்கக் கடைக்குப் போய்வந்தேன். வந்தபோது மருமகள் சாமி அலமாரியிலிருந்து திரும்பி, "திரி தூண்டி விட்டேன் அத்த" என்றாள். நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணை மூடிக் கேட்டேன். தாயே, நான் வண்டி ஓட்டலாமா? இல்லை, இந்தத் தொழிலை விட்டுவிட்டு வேறு பிழைப்புப் பார்க்கலாமா? நீ என்ன சொன்னாலும் சரி.

பேத்தி வந்தாள். வாயில் முறுக்கு. ஒரு கையால் ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டிவிட்டு, இன்னொரு முறுக்குக்காக அந்தக் கையை அப்படியே வைத்துக்கொண்டாள்.

பிரித்தேன். உள்ளே இரண்டு பூ இருந்தது. ஒரு சிவப்பு. ஒரு வெள்ளை.

என் வாழ்நாளில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அம்மன் நேரில் வந்து ஏதோ சொல்கிறாள், எனக்குத்தான் புரியவில்லை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னொரு பொட்டலத்தையும் பிரித்தேன். அதில் ஒரு வெள்ளை. நான் வைத்ததே ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு. தாயே, பூவைப் பெருக்கிவிட்டாயே என்று தரையில் விழப் போனவள், அந்த வெள்ளைப் பூவை ஒருமுறை முகர்ந்தேன்.

மல்லிகை.

நான் வைத்தது நந்தியாவட்டை.

மெதுவாகத் திரும்பி மருமகளின் தலையைப் பார்த்தேன். காலையில் வைத்த மல்லிகைச் சரத்தின் நுனியில் நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின.

"என்னாடி பண்ண?"

"அத்த, நான் ரெண்டுலயும் வெள்ளைய வெக்கலாம்னுதான் பிரிச்சேன். பிரிச்சா ரெண்டுலயும் செவப்பு இருக்குது! ஒண்ணத்துல மாத்திட்டேன். ரெண்டாவத மாத்தறதுக்குள்ள நீங்க வாசக் கேட்டத் தொறந்துட்டீங்க. மேல ஒரு மல்லிய வெச்சி அப்பிடியே மடிச்சிட்டேன்."

"ரெண்டுலயும் எப்பிடிடி செவப்பு வரும்?"

என் வீட்டுக்காரர் மாவுக்கட்டுக் காலை நாற்காலியின் மேல் நீட்டிக்கொண்டு, நிற்காமல் சுற்றுகிற மின்விசிறியைப் புதிதாகப் பார்ப்பவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைப் பையிலிருந்து நந்தியாவட்டை எட்டிப் பார்த்தது. அம்மன் படத்துச் சரத்தில் ஓர் அரளி குறைந்திருந்தது.

"அந்தக் காலோட எப்பிடிங்க எழுந்து வந்தீங்க?"

"நாற்காலிய இழுத்துக்கினே வந்தேன்," என்றார். அப்புறம் குரல் இறங்கியது. "நீ உழுந்து கெடந்தா நான் என்னாடி பண்ணுவேன்?"

ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. சாமி காரியத்தில் கை வைப்பதா என்று கத்தினேன். இத்தனை வருஷத்தில் இப்படி நடந்ததுண்டா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இரண்டு பேரும் மறுபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொல்லிடுங்க மாமா," என்றாள் மருமகள்.

"ஃபிரிட்ஜ் நான்தான்," என்றார். "வெயில் காலம். எனக்கு ஐஸ் தண்ணி வோணும்னு இருந்துச்சு."

"ஓசூர்?"

"அது ஒம் புள்ள."

நான் மருமகளைப் பார்த்தேன். கேட்கவே பயமாக இருந்தது. அவளே சொன்னாள்.

"எனக்கும் உங்க புள்ளதான் அத்த. ரெண்டுலயும் வெள்ளைய வெச்சிட்டாராம். எனக்கே கல்யாணம் ஆன பொறவுதான் சொன்னாரு."

"அப்ப அந்தத் தண்ணித்தொட்டி?"

இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள். "அதுல நாங்க கைய வெக்கல."

அந்தத் தொட்டிதான் வைத்த நாளிலிருந்து இன்றுவரை ஒழுகிக்கொண்டிருக்கிறது.

அழப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். வந்தது சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பு எனக்குள் இருந்ததே எனக்குத் தெரியாது. தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சிரித்தேன். ஓய்ந்ததுபோல் இருக்கும், மாடியில் தொட்டி சொட்டுகிற சத்தம் கேட்கும், மறுபடி ஆரம்பிக்கும். அவர் சிரித்தார். மருமகள் சிரித்தாள். என்ன ஏதென்று தெரியாமலே பேத்தியும் முறுக்குத் தூள் பறக்கச் சிரித்தாள். அடுத்த வீட்டில் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள்.

எல்லோரும் போன பிறகு அம்மன் முன்னால் தனியாக உட்கார்ந்தேன். எல்லாம் உறுதியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் காலை எடுத்து வைக்கிறேன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். ஒன்றும் தெரியாமல்தான் வைத்திருக்கிறேன். ஆனால் ஃபிரிட்ஜ் ஓடுகிறது. மகன் நன்றாக இருக்கிறான். இந்த வீட்டுக்குள் நடந்த நல்லதிலேயே பெரிய நல்லது, தலையில் பாதிப் பூவோடு அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது. இவர்கள் ஏமாற்றினார்கள். சரி. அம்மன் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? தடுக்கவில்லையே. விளக்கு வெளிச்சத்தில் அம்மன் முகம் கொஞ்சம் அசைந்தது. இத்தனை கை இருந்தும் ஒன்றையும் வாய்க்குக் கொண்டுபோகாமல் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

அடுக்களைக்குப் போனேன். "உங்கப்பா கடலுக்குப் போறப்ப என்னாடி பண்ணுவாரு?" என்று மருமகளிடம் கேட்டேன்.

"கும்புட்டுக்குவாரு அத்த."

"மீன் கெடைக்குமான்னு கேட்டுக்குவாரா?"

"கேட்டுக்கினு நின்னா விடிஞ்சிடுமே," என்றாள்.

நாளைக்குக் காலையில் வண்டியை எடு என்றேன்.

வைத்திக்குப்பத்தில் கடலை ஒட்டி ஒரு நீளமான ரோடு உண்டு. காலையில் லாரி வராது. அங்கேதான் எனக்குப் பாடம். மருமகள் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். புடவையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். வண்டி நகரவே இல்லை.

"அத்த, ரெண்டு கையாலயும் பிரேக்கப் புடிச்சிக்கினு இருந்தா எப்பிடிப் போவும்?"

"உட்டா போயிடுமே!"

"போவறதுக்குத்தான் அத்த வண்டி."

விட்டேன். போனது. ஐயோ, அது போன போக்கை என்னவென்று சொல்வது. சத்தமே இல்லாமல் கிளம்பி, காற்று முகத்தில் அடித்து, கடல் ஒரு பக்கமும் படகுகள் ஒரு பக்கமும் ஓடிவர, நான் "தாயே தாயே தாயே" என்று கத்திக்கொண்டே போனேன். நேராகத்தான் போக நினைத்தேன். வண்டிக்கு வேறு யோசனை இருந்தது. எதிரே என் சம்பந்தியம்மா, மருமகளைப் பெற்றவள், கூடை நிறைய மத்தி மீனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை "வாங்க சம்மந்தி, சாப்புடுங்க சம்மந்தி" என்பதைத் தவிர வேறு வார்த்தை சொன்னதில்லை.

என் வண்டி அவள் கூடையைக் குறிவைத்து வருவதைப் பார்த்ததும் அந்த மரியாதையெல்லாம் காற்றில் போயிற்று.

"ஐயோ! நில்லு! நில்லுடி! ஏய், கண்ணு எங்க வெச்சிருக்க!"

கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் ஒரு பக்கம் குதித்தாள். நான் மருமகளோடு, கரையில் கிடந்த வலைக் குவியலில் போய் மெத்தென்று விழுந்தேன். அடி ஒன்றுமில்லை. என் காலருகில் ஒரு மீன் மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது. எழுந்து நின்று பார்த்தால் மீன் விற்கிற பெண்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சம்பந்தியம்மாவுக்கு அப்போதுதான் தான் சொன்னது ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க சம்மந்தி."

"இனிமே 'டி' போட்டே பேசுங்க," என்றேன். "அதுலதான் வண்டி நிக்குது."

அடுத்த வாரம் முழுக்கவும் போனேன். தினமும் ஏறும்போது வயிற்றில் பட்டாம்பூச்சி பறக்கும். இறங்கும்போது சிரிப்பு வரும். நாள் ஆக ஆகப் பூச்சி போய்விடும் என்று மருமகள் சொன்னாள். போகவில்லை. அது இருந்தால்தான் காலையில் எழுந்திருக்கவே ஆசையாக இருந்தது. எனக்குத்தான் சொல்ல வெட்கம். ஒருநாள் சம்பந்தி வீட்டுப் படகு கரைக்கு வந்தது. வலையில் ஒன்றுமில்லை, விலைபோகாத சொறிமீன்தான் மொத்தமும். மருமகளின் அப்பா வலையை உதறிப் போட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "இன்னிக்குக் கூடையத் தட்டாம ஓட்டிட்டீங்க போல. தட்டறதுக்கு மீனே இல்ல!" என்று சிரித்துவிட்டுப் போனார். வெறும் வலையோடு வந்த ஆள். மறுநாளும் போனார்.

அந்தத் திங்கட்கிழமை வந்தது.

புளிக்குழம்பு, கீரைக் கூட்டு, வாழைக்காய் வறுவல், ரசம். கால் வைக்கிற இடத்தில் சோற்று டப்பா, பின் சீட்டில் கேரியர்களை வைத்து மருமகள் கயிறு போட்டுக் கட்டினாள். கட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள். சாமி அலமாரிக்குப் போனேன். பழக்க தோஷத்தில் கை நந்தியாவட்டை ஒன்று, அரளி ஒன்று எடுத்து வைத்திருந்தது. தாள் தேடவில்லை. இரண்டையும் அப்படியே அம்மன் காலடியில் போட்டேன். நான் கிளம்பறேன், நீயும் வா என்றேன். பின் சீட்டில் கேரியர் இருக்கிறதே, எங்கே உட்காருவாள் என்று யோசித்தேன். அது அவள் பாடு.

என் வீட்டுக்காரர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஹார்ன் எங்க இருக்குதுன்னு தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். அடித்துக் காட்டினேன். பேத்தி கைதட்டினாள்.

தெருவைத் தாண்டியதும் எல்லாமே வேறாக இருந்தது. வைத்திக்குப்பத்தில் எனக்கு எதிரில் மீன் கூடை மட்டும்தான். இங்கே பஸ், லாரி, பள்ளிக்கூட வேன், குறுக்கே வருகிற நாய், நிற்கலாமா போகலாமா என்று என்னைப் போலவே நடு ரோட்டில் யோசிக்கிற மாடு. ஒன்றையும் முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியாது. எது எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்க எந்தப் பூவும் இல்லை. பார்த்துப் பார்த்து, பார்த்த அளவுக்குப் போக வேண்டியதுதான். பெரிய சிக்னலில் நின்றேன். பக்கத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. திரும்பிப் பார்த்தேன். சாம்பார் ஆட்டோ.

அவரும் என்னைப் பார்த்தார். கேரியரைப் பார்த்தார். "இன்னாக்கா, சாம்பாரா?"

"புளிக்குழம்பு!"

"தள்ளியே போங்க தாயி," என்று ஆட்டோவை ஓர் அடி ஒதுக்கிக்கொண்டார். நான் சிரித்த சிரிப்பில் பச்சை விழுந்ததே தெரியவில்லை. பின்னால் எல்லோரும் ஹார்ன் அடித்தார்கள். நானும் அடித்தேன், எனக்கும் தெரியும் என்று.

தட்டாஞ்சாவடிக்குள் நுழைந்து, எண்ணெய் வாசனையும் இரும்பு அறுக்கிற சத்தமும் வந்ததும், வந்துவிட்டோம் என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியில்தான் வண்டி மெதுவானது. அப்புறம் எறும்பு மாதிரி ஊர்ந்தது. அப்புறம் நின்றுவிட்டது. முறுக்கினேன், தட்டினேன், கெஞ்சினேன். விளக்கே எரியவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது. படுக்கப் போகுமுன் வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் படுப்பது என் பழக்கம். என்ன ஆகுமோ என்று பயம். ஜாக்கிரதையாக, மறக்காமல், வண்டிக்குப் போட்டிருந்த சுவிட்சையும் அணைத்திருக்கிறேன்.

நடு ரோட்டில், உச்சி வெயிலில், இத்தனை பேர் சோற்றோடு நின்றேன். லேத்துப் பட்டறை கண்ணுக்குத் தெரிகிறது. தெரு முனையில் அந்தப் புது மெஸ்ஸும் தெரிகிறது. வாசலில் வாழையிலை அடுக்கி வைத்திருந்தார்கள். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. பட்டறைகளிலிருந்து ஆட்கள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வர ஆரம்பித்தார்கள். மேஸ்திரி வாசலில் நின்று ரோட்டைப் பார்த்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. அவர் எதிர்பார்த்தது மொபெட்டில் வருகிற ஓர் ஆளை. பையன்கள் மெஸ் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் நான் என்ன செய்வேன்? நின்று வேண்டிக்கொள்வேன். வாயைத் திறந்தேன். வேண்டுதல் வரவில்லை. வைத்திக்குப்பத்துக் குரல்தான் வந்தது.

"நில்லுங்கடா! ஏய்! கண்ணு எங்க வெச்சிருக்கீங்க! சோறு இங்க நிக்குது!"

தெருவே திரும்பிப் பார்த்தது. என் குரலா என்று எனக்கே சந்தேகம். மேஸ்திரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அடடே, அக்கா! அக்காவே வந்துட்டாங்கடா!"

ஓடி வந்தார்கள். இறங்கப் போனேன். "எறங்காதீங்கக்கா, கேரியர் சாஞ்சிடும்!" என்று ஒருவர் கத்தினார். பின்னால் நான்கைந்து பேர் கை வைத்துத் தள்ளினார்கள். இரண்டு பேர் பக்கவாட்டில் கேரியரைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் முன்னால் ஓடி, "வழி உடு, வழி உடு" என்று லாரிக்காரரை நிறுத்தினார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். மாசிமகத்துக்குச் சாமியைக் கடலுக்குக் கொண்டுபோவதுபோல் என்னைக் கொண்டுபோனார்கள். அட்டைப்பெட்டிக் கம்பெனிப் பெண் ஒருத்தி விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். நான் கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணாத குறைதான்.

புளிக்குழம்பு ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவுகிற வரை வண்டியைப் பட்டறையிலேயே செருகி வைத்தார்கள். மேஸ்திரி வந்து நின்றார். "நாளைக்கு எப்பிடிக்கா? நிச்சயமா வருமா? பசங்ககிட்ட சொல்லணும்."

"சோறு வரும் தம்பி," என்றேன். "நான் எப்பிடி வருவேன்னுதான் தெரியாது."

"அதெல்லாம் நாங்க தள்ளிக்கறோம்," என்றார்.

வீடு திரும்புகிறபோது வண்டியில் பாரமில்லை. என்னிடமும் இல்லை. தெருமுனையில் திரும்பும்போதே ஹார்ன் அடித்தேன். வாசலில் அவர் அதே நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். பேத்தி அவர் தோளில் தூங்கிப்போயிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தார். கை இருக்கிறதா கால் இருக்கிறதா என்று எண்ணுகிற பார்வை. அவர் மடியில் ஏதோ இருந்தது. காலண்டர் தாளில் மடித்த இரண்டு பொட்டலம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாங்க இது?"

"நீ கௌம்பின பொறவு மனசு கேக்கல." முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஒழுங்கா வந்துடுவியான்னு..."

"கேட்டீங்களா? இன்னா வந்துச்சு?"

"பிரிக்கலடி," என்றார். "செவப்பு வந்துட்டா இன்னா பண்றதுன்னு அப்பிடியே வெச்சிக்கினு உக்காந்துட்டேன்."

என்னை இத்தனை வருஷம் கிண்டல் பண்ணியவர். நான் கிளம்பியதிலிருந்து அந்த இரண்டு பொட்டலத்தையும் மடியில் வைத்துக்கொண்டு, பிரிக்கவும் முடியாமல், எறியவும் முடியாமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். தாள் வியர்வையில் நைந்திருந்தது. நான் வாங்கிக்கொண்டேன். பிரிப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே கொண்டுபோய்ச் சாமி அலமாரியில், காலையில் நான் போட்ட பூக்களின் பக்கத்தில் அப்படியே வைத்தேன்.

அவர் கால் குணமாகிப் பல நாளாயிற்று. மொபெட் இப்போது கொல்லையில் நிற்கிறது. சாப்பாடு நான்தான் கொண்டுபோகிறேன். அவர் காய் நறுக்கித் தருகிறார், பெரிது பெரிதாக. இப்போதும் கிளம்புகிறபோது வயிற்றில் பூச்சி பறக்கிறது. இப்போதும் அம்மனைக் கும்பிடுகிறேன், முன்னைவிட நிறையவே பேசுகிறேன். கேள்வி மட்டும் கேட்பதில்லை. அந்த இரண்டு பொட்டலமும் மறுநாள் நிர்மால்யத்தோடு துளசி மாடத்து மண்ணுக்குள் போயின. அவற்றில் எதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டிலுமே வெள்ளைதான் வைத்திருப்பார் என்று மருமகள் சொல்கிறாள். இருக்கலாம்.